உமாங்கைட்: ஊதா நிறத்தை மட்டும் நம்பலாமா?

கேள்வி, மார்ச் 2

பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து கைப்பிடி அளவில் ஒரு கல் என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளை கால்சைட்டுக்குள் கருநீலமும் ஊதாவும் கலந்த திட்டுகள், உலோகப் பளபளப்பு. அட்டையில் "உமாங்கைட், சியரா டி உமாங்கோ, அர்ஜென்டினா" என்று மையில் எழுதியிருக்கிறது. உமாங்கைட் என்பது செம்பும் செலீனியமும் சேர்ந்த கனிமம். பார்த்த நண்பர், இது வெறும் போர்னைட் என்ற செம்புத் தாது, ஊதாவாக இருந்தால் போர்னைட்தான் என்று அடித்துச் சொல்கிறார். கல்லைக் கெடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? சூடாக்கி முகர்ந்து பார்க்கும் சோதனை செய்யலாமா?

மார்ச் 2, இரவு

ஊதா நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது கல்லின் நிறம் இல்லை, காற்றுப் பட்டுப் பட்டு மேலே படிந்த மெல்லிய படலத்தின் நிறம். போர்னைட்டும் அப்படித்தான் ஊதாவாகும், உமாங்கைட்டும் அப்படித்தான் ஊதாவாகும். உங்கள் நண்பர் சொன்ன காரணம் செல்லாது. ஆனால் அவர் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

என் அனுபவம் இது. மூன்று வருடம் முன்பு இதே மாதிரி அட்டை போட்ட ஒரு கல்லை வாங்கி, ஒரு துண்டை வெட்டி, மவுண்ட் செய்து, அதாவது பிசினில் பதித்து, பாலிஷ் போடக் கொடுத்தேன். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் உமாங்கைட் ஒரு மணிகூட இல்லை. நீலச்சாயல் கொண்ட வெளிர்ச் சாம்பலில் ஒன்று, பழுப்புச் சாம்பலில் இன்னொன்று, இரண்டும் பின்னிக் கிடந்தன. பெர்சிலியனைட்டும் கிளாக்மன்னைட்டும். செம்பு செலினைடுகள்தான், அதாவது செம்பும் செலீனியமும் சேர்ந்தவை, ஆனால் அட்டை சொன்னது இல்லை. அன்றிலிருந்து உமாங்கைட் என்று எழுதிய அட்டையைப் பார்த்தாலே எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மார்ச் 3, காலை

நேற்று கல்லைப் பற்றியே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உமாங்கைட்டில் மூன்று செம்பு அணுவுக்கு இரண்டு செலீனியம் அணு. எடைக் கணக்கில் சுமார் 55 சதவீதம் செம்பு, 45 சதவீதம் செலீனியம். நாற்கோணப் படிகத் தொகுதி. தனிப் படிகமாகக் கிடைப்பது மிக அபூர்வம், மணிமணியாகச் சேர்ந்த திரளாகத்தான் வரும். மோஸ் அளவில் கடினத்தன்மை 3, அதாவது கத்தி முனை எளிதாகக் கீறிவிடும். அடர்த்தி 6.4 முதல் 6.6 வரை. பீங்கான் தகட்டில் இழைத்தால் கறுப்புக் கோடு.

போர்னைட் என்பது செம்பு, இரும்பு, கந்தகம். கடினத்தன்மை அதுவும் 3தான். அடர்த்தி 5.1க்குப் பக்கம். கோடு சாம்பல் கலந்த கறுப்பு. ஆகக் கீறிப் பார்த்தும் பிரிக்க முடியாது, கோடு போட்டும் பிரிக்க முடியாது.

வித்தியாசம் தெரியும் இடம் புதிதாக உடைத்த முகம். போர்னைட் உடைந்த கணத்தில் செம்பும் வெண்கலமும் கலந்த பழுப்பாக இருக்கும், பழைய செம்புக் காசைத் தேய்த்தது போல. உமாங்கைட் உடைந்த கணத்திலேயே நீலம் ஓடிய கறுப்பில் சிவப்புச் சாயலோடு இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பும் ஊதாவுக்குள் போய்விடும். உங்கள் கல்லில் ஒரு ஓரத்தில், கால்சைட்டுக்குள் புதைந்த ஒரு மணியை மட்டும் ஊசியால் கிள்ளிப் பாருங்கள். லென்ஸ் கண்ணிலேயே இருக்கட்டும். கிள்ளிவிட்டு லென்ஸைத் தேடினால் பார்க்க வேண்டியதைத் தவறவிடுவீர்கள்.

மார்ச் 3, மாலை

சூடாக்கி முகரும் சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. கரித்துண்டில் வைத்து ஊதுகுழல் சுடர் காட்டினால் செலினைடு அழுகிய முள்ளங்கி போல நாறும், சுடர் நீலமாகும். கந்தகம் சேர்ந்த சல்பைடு என்றால் எரியும் கந்தக நெடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனிமவியலாளர்கள் எல்லாரும் இப்படித்தான் செலீனியத்தைப் பிடித்தார்கள். தெளிவான சோதனை.

மார்ச் 4

மேலே நேற்று மாலை எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதை அப்படியே விட்டிருக்கக் கூடாது. செய்யாதீர்கள்.

நாற்றம் வருகிறது என்றால் செலீனியம் சேர்மங்கள் மூக்குக்குள் போகின்றன என்று அர்த்தம். அது நச்சு. அதைவிட மோசம், செலினைடுகள் தனியாக வருவதில்லை. கூடவே டீமன்னைட் இருந்தால் அது பாதரச செலினைடு, சூட்டில் பாதரச ஆவி கிளம்பும். குரூக்சைட் இருந்தால் அதில் தாலியம் என்ற நச்சு உலோகம் இருக்கும். இவை ஒரே கல்லில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்து கிடக்கலாம். அந்தக் காலத்து ஆட்கள் செய்தார்கள் என்பது நாமும் செய்வதற்குக் காரணம் ஆகாது. கல்லைத் தொட்டால் கை கழுவுங்கள், உலர்ந்த நிலையில் இழைக்காதீர்கள், அரைப்பதாக இருந்தால் தண்ணீரோடு. அலமாரியில் சும்மா இருக்கும் கல்லைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

மார்ச் 7

நீங்கள் அனுப்பிய எடைக் கணக்கைப் பார்த்தேன். காற்றில் 31.4 கிராம், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டபோது 21.9 கிராம். எடைக் குறைவு 9.5 கிராம். 31.4ஐ 9.5ஆல் வகுத்தால் அடர்த்தி 3.3.

"6.5 வரவில்லை, அப்படியானால் உமாங்கைட் இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். பாதிக்கு மேல் கால்சைட், அதன் அடர்த்தி 2.7. கலவைக் கணக்குப் போட்டால், கறுப்பு மணிகள் உமாங்கைட் என்றால் அவை கன அளவில் சுமார் 16 சதவீதம் இருக்க வேண்டும். போர்னைட் என்றால் 25 சதவீதம். ஆகக் கேள்வி இப்படி மாறுகிறது: கல்லில் கறுப்பு ஆறில் ஒரு பங்கா, நாலில் ஒரு பங்கா? வெளியே தெரியும் திட்டுகளை வைத்து உள்ளே எவ்வளவு என்று ஊகித்தால் அந்த வித்தியாசம் ஊகத்திலேயே கரைந்துவிடும். எடை போட்டது நல்ல வேலைதான், ஆனால் இந்தக் கல்லுக்கு அது பதில் தராது. சுத்தமான மணி ஒன்று தனியாகக் கிடைத்தால் மட்டுமே தரும்.

படத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. இடது ஓரத்தில் கறுப்புத் திட்டின் விளிம்பில் பளீரென்ற நீலப் பொடி. அது என்ன?

மார்ச் 7, இரவு

நீலப் பொடியைப் பெரிதாக்கி அனுப்பியதற்கு நன்றி. அசூரைட்டாக இருக்கலாம், சால்கோமெனைட்டாகவும் இருக்கலாம். முதலாவது செம்பின் கார்பனேட். இரண்டாவது செம்பு செலினைட்டு, அதாவது செலினைடு காற்றிலும் ஈரத்திலும் பட்டுப் பிராணவாயு ஏறி உருவாவது. எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம்தான், பொருள் வேறு, கவனம்: செலினைடில் பிராணவாயு இல்லை, செலினைட்டில் உண்டு.

சால்கோமெனைட் முதலில் அறியப்பட்டதும் அர்ஜென்டினாவில்தான், மெண்டோசா பகுதியின் செரோ டி கச்செயூட்டாவில், 1881இல். பெயரில் இருப்பது கிரேக்கத்தில் செம்பும் நிலவும். உங்கள் நீலப் பொடி அதுவாக இருந்தால் கறுப்பு மணியில் செலீனியம் உண்டு என்பது உறுதி, போர்னைட் வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

அமிலச் சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அசூரைட் பொங்கும், சால்கோமெனைட் பொங்காது, உண்மைதான். ஆனால் கீழே இருப்பது கால்சைட், அது எல்லாவற்றுக்கும் முன்னால் பொங்கிவிடும்.

மார்ச் 8

நிலவு என்று எழுதியதும் பெயர்களின் கதை மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன், கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை.

1817. சுவீடனில் கிரிப்ஸ்ஹோல்ம் என்ற இடத்தில் கந்தக அமிலத் தொழிற்சாலை. ஃபாலுன் சுரங்கத்துப் பைரைட்டை, அதாவது இரும்பு சல்பைடை, எரித்தால் மட்டும் அறையின் அடியில் செம்பழுப்பு வண்டல் தங்குகிறது. வேதியியலாளர்கள் பெர்சீலியசும் கானும் அதை ஆராய்கிறார்கள். முள்ளங்கி நாற்றத்தை வைத்து முதலில் டெல்லூரியம் என்று நினைக்கிறார்கள். பிறகுதான் அது புதிய தனிமம் என்று தெரிகிறது. டெல்லூரியத்துக்குப் பூமியின் பெயர் வைத்திருந்தார்கள், ஆகவே அதன் உடன்பிறப்பு போன்ற இதற்கு நிலவின் பெயர், செலீனியம்.

அடுத்த வருடமே, 1818இல், சுவீடனின் ஸ்க்ரிக்கெரும் சுரங்கத்துக் கல்லில் செம்பும் வெள்ளியும் செலீனியமும் சேர்ந்த கனிமத்தைப் பெர்சீலியஸ் காண்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் யூகைரைட். கிரேக்கத்தில் "நல்ல நேரத்தில் வந்தது" என்ற பொருள். புதுத் தனிமம் கையில் கிடைத்த சூட்டோடு அதன் கனிமமும் வந்து நின்றதே, அந்த மகிழ்ச்சி அப்படியே பெயரில் உறைந்திருக்கிறது. கனிமப் பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதே சுரங்கத்தின் இன்னொரு செம்பு செலினைடுக்கு அவர் பெயரே வந்தது, பெர்சிலியனைட்.

அப்புறம் ஆங்கிலேய வேதியியலாளர் குரூக்ஸ். 1861இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் உள்ள ஓர் அமிலத் தொழிற்சாலையின் செலீனிய வண்டலை நிறமாலைமானியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு யாரும் பார்த்திராத ஒரு பச்சைக் கோடு தெரிகிறது. தாலியம். ஐந்து வருடம் கழித்து, ஸ்க்ரிக்கெரும் கல்லில் தாலியம் உள்ள செலினைடு கண்டபோது அதற்குக் குரூக்சைட் என்று பெயர் வைத்தார்கள். செலீனியம் கிடைத்ததும் ஒரு வண்டலில், தாலியம் கிடைத்ததும் ஒரு வண்டலில்.

உமாங்கைட்டுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன் கனிமவியலாளர் கிளாக்மன், 1891இல். 1928இல் இன்னொரு ஜெர்மன் கனிமவியலாளர் ராம்டோர் அதே சியரா டி உமாங்கோ கல்லில் இன்னொரு செம்பு செலினைடைப் பிரித்தெடுத்து அதற்குக் கிளாக்மன்னைட் என்று பெயரிட்டார். என் மவுண்டில் உமாங்கைட் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்ததும் இந்தக் கிளாக்மன்னைட்தான்.

மார்ச் 15

ஒருவர் கேட்டிருக்கிறார்: செலீனியம் கந்தகத்தைப் போலவே நடக்கிறது என்றால், ஏன் சல்பைடுகள் உலகம் முழுக்க, செலினைடுகள் மட்டும் விரல்விட்டு எண்ணும் இடங்களில்?

முதல் காரணம் அளவு. பூமியின் மேலோட்டில் செலீனியம் கந்தகத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. இரண்டாவது, இரண்டின் அயனிகளும் ஏறத்தாழ ஒரே பருமன். சல்பைடு அயனியின் ஆரம் 1.84 ஆங்ஸ்ட்ராம், செலினைடு அயனிக்கு 1.98. ஆகக் கந்தகம் இருக்கும் இடத்தில் செலீனியம் தனியாக ஒன்றைக் கட்டாது, பைரைட்டிலும் கலீனாவிலும் கந்தகத்தின் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்துவிடும். உலகத்துக்குக் கிடைக்கும் செலீனியத்தில் பெரும்பகுதி செலினைடுச் சுரங்கத்திலிருந்து வருவதில்லை என்பதும் இதனால்தான். செம்பு சல்பைடை உருக்கி, மின்பகுப்பில் தூய்மையாக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்துதான் அது வருகிறது. மறுபடியும் வண்டல்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். செலினைடு தனியாக உருவாக வேண்டுமென்றால் அங்கே கந்தகம் செயலற்றுப் போயிருக்க வேண்டும். பிராணவாயு கொஞ்சம் கூடுதலான சூழலில் கந்தகம் முதலில் சல்பேட்டாக மாறிவிடும். செலீனியம் அவ்வளவு சீக்கிரம் மாறாது, இன்னும் கடுமையான சூழல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் வெந்நீர் ஓடினால்தான் செம்பும் வெள்ளியும் ஈயமும் பாதரசமும் செலீனியத்தோடு சேரும். அந்தச் சூழலில் இரும்பு சல்பைடாக நிற்காது, ஹேமடைட் என்ற ஆக்சைடாகும். செலினைடு நரம்புகளில் (பாறை வெடிப்பில் கனிமம் படிந்த கோடுகளில்) கால்சைட்டும் சிவந்த ஹேமடைட்டும் அடிக்கடி கூடவே வருவது அதனால்தான்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கால்சைட்டில் எங்காவது செங்கல் நிறக் கறை இருக்கிறதா?

மார்ச் 16

இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. போர்னைட் பக்கம் இருந்த என் மனசு கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

மார்ச் 17

"நாற்காலியில் ஓரமாக" என்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா இடத்திலும் ஓரமாக இல்லை. ஈய செலினைடான கிளாஸ்தலைட்டுக்கும் ஈய சல்பைடான கலீனாவுக்கும் ஒரே கனசதுர அமைப்பு. கலீனாவின் அலகுக் கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம், 5.94 ஆங்ஸ்ட்ராம், கிளாஸ்தலைட்டுக்கு 6.12. இந்த ஜோடியில் கந்தகமும் செலீனியமும் எந்த அளவிலும் கலக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஈயச் சாம்பல். கலீனா என்று அட்டை போட்ட சிறு மணிகளுக்குள் கிளாஸ்தலைட் ஒளிந்திருக்க நியாயம் உண்டு. கையில் தூக்கினால் இன்னும் கொஞ்சம் கனம், 7.6க்குப் பதில் 8க்கு மேல்.

டீமன்னைட் பற்றியும் ஒன்று. பாதரச செலினைடைச் சுரங்கத்தில் மட்டும் தேட வேண்டாம். டால்பின்களின் கல்லீரலில் அதே பாதரச செலினைடு நுண்மணிகளாகக் கிடைக்கிறது. மீன் வழியாக உடம்பில் சேரும் பாதரசத்தை அந்த உடம்பு செலீனியத்தோடு பூட்டி, கரையாத கல்லாக்கி வைத்துவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மலை நரம்பில் நடப்பதும் ஒரு பிராணியின் ஈரலில் நடப்பதும் ஒரே பிணைப்பு.

மார்ச் 23

கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வேறொரு காரணத்துக்காகச் செம்பு, செலீனியம் இரண்டும் எந்த விகிதத்தில், எந்த வெப்பநிலையில் எந்தச் சேர்மமாக நிற்கும் என்று காட்டும் வரைபடத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உமாங்கைட்டுக்கான கோடு கீழேயிருந்து நேராக ஏறி, 112 டிகிரி செல்சியஸ் அருகில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உமாங்கைட் என்று ஒன்று இல்லை. உருகுவதில்லை, ஆவியாவதில்லை, இரண்டாகப் பிரிகிறது. மூன்று செம்பு, இரண்டு செலீனியத்திலிருந்து இரண்டு செம்பும் ஒரு செலீனியமும் ஒரு பக்கம் போகும், அது பெர்சிலியனைட். மிச்சம் ஒரு செம்பு, ஒரு செலீனியம், அது கிளாக்மன்னைட். பெர்சிலியனைட்டில் செம்பு ஒரு துளி குறைவாகவே இருக்கும், மற்றபடி கணக்கு மிச்சமில்லாமல் தீரும்.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன். சுரங்கக் கல்லில் உமாங்கைட் இருந்தால் அந்த நரம்பு கடைசியாக 112 டிகிரிக்குக் கீழேதான் நிலைகொண்டது என்று அர்த்தம், கல்லுக்குள் இருக்கும் வெப்பமானி மாதிரி. இதை நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெர்சிலியனைட், கிளாக்மன்னைட். மார்ச் 2 இரவு நான் என்ன எழுதினேன் என்று மேலே போய்ப் பாருங்கள். என் மவுண்டில் இருந்தவை அதே இரண்டுதான்.

அந்தத் துண்டை எப்படி மவுண்ட் செய்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

மார்ச் 24

இரவு முழுக்க இதே யோசனை. எதிர்வாதமும் இருக்கிறது. இயற்கையிலேயே இந்த மூன்றும் ஒரே கல்லில் சேர்ந்து வரும். உமாங்கைட் இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் இருப்பது நடக்காத விஷயமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை எதையும் முடிவு செய்யப் போவதில்லை.

ஏப்ரல் 6

கேட்டுவிட்டேன். துண்டை மவுண்ட் செய்துகொடுத்த கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் வேலைக் குறிப்பைத் தேடி எடுத்து ஒளிக்காமல் சொன்னார்கள். சூட்டு அச்சு. பேக்கலைட் தூளுக்குள் கல்லை வைத்து, அழுத்தி, 150 டிகிரியில் சில நிமிடம். உலோகத் துண்டுகளுக்கு எப்போதும் செய்வதுதான். என் கல்லுக்கு 112 டிகிரிதான் எல்லை என்று நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் செய்திருக்க மாட்டார்கள். சூடு கூடாது என்று நானும் சொல்லவில்லை, என்ன கனிமம் என்று அவர்களும் கேட்கவில்லை. வருத்தம்தான். மூன்று வருடமாக அந்த அட்டை எழுதியவரை மனதுக்குள் பொய்யர் ஆக்கி வைத்திருந்தேன்.

வெட்டியபோது மிஞ்சிய மறுபாதி ஒரு தீப்பெட்டியில் இருக்கிறது. அது சூட்டைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19

மறுபாதியைச் சூடாக்காமல் கெட்டியாகும் எபாக்சிப் பிசினில் பதித்தேன். எபாக்சி கெட்டியாகும்போதே கொஞ்சம் சூடாகும் என்பதால் மெதுவாகக் கெட்டியாகும் வகையை எடுத்து, சின்ன அச்சில் கொஞ்சமாக ஊற்றி, ஒரு முழு நாள் விட்டேன். பிறகு கையாலேயே, தண்ணீரோடு, படிப்படியாக நுண்ணிய தாளில் தேய்த்து, கடைசியில் அலுமினாக் குழம்பில் துணிமேல் பாலிஷ். அவசரப்பட்டால் இந்த மென்மையான கல்லில் கீறல் நிறைந்துவிடும். இரண்டு சாயங்காலம் பிடித்தது.

இன்று காலை நுண்ணோக்கியில் வைத்தேன். ஒளியை ஒரே திசையில் அதிர வைக்கும் போலரைசர் வடிகட்டி மட்டும் போட்டுப் பார்த்தபோது பார்வைப் புலத்தின் நடுவே ஒரு மணி, கருஞ்சிவப்பு ஊதா. படலத்தின் நிறம் இல்லை, புதிதாகப் பாலிஷ் போட்ட முகத்தின் சொந்த நிறம். கல் வைத்த மேடையைத் திருப்பத் திருப்ப அந்த ஊதாவிலிருந்து சிவப்பு வடிந்துகொண்டே போய், கால் வட்டம் திரும்பியதும் அதே மணி நீலச் சாம்பலாகிவிட்டது. இன்னும் கால் வட்டம், திரும்ப ஊதா. பக்கத்து மணி வேறு கோணத்தில் படுத்திருப்பதால் இது ஊதாவாகும்போது அது சாம்பலாகிறது.

அப்புறம் அனலைசரை, அதாவது இரண்டாவது வடிகட்டியை, முதலாவதுக்குக் குறுக்கே தள்ளினேன். புலம் இருண்டு, அந்த மணிகள் மட்டும் கனன்றன. நெருப்புத் துண்டு போன்ற ஆரஞ்சு. திருப்பினால் அணைந்து, மேலும் திருப்பினால் மறுபடி மூண்டு. படித்திருக்கிறேன், படங்களில் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை.

உமாங்கைட். அட்டை சொன்னது சரி. மார்ச் 2 இரவு நான் எழுதியது தவறு, முழுக்க என் தவறு.

ஏப்ரல் 20

"இரண்டு பாதியும் ஒன்றேதான் என்று எப்படித் தெரியும்? ஒரே கல்லிலேயே இங்கே உமாங்கைட், அங்கே மற்ற இரண்டு என்று இருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நானும் நேற்று மத்தியானமே இதில் மாட்டிக்கொண்டேன்.

வெட்டு வாள் போன இடத்தின் இரண்டு கரைகள்தான் இந்த இரண்டு முகங்களும். பழைய மவுண்டின் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பி, புதிய படத்தின் பக்கத்தில் வைத்தேன். கால்சைட் நரம்பு ஒன்று கவைபோல் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு படத்திலும் ஒரே இடத்தில். கவைக்கு நடுவே பட்டாணி வடிவில் ஒரு திட்டு. புதிய முகத்தில் அந்தத் திட்டு முழுக்க உமாங்கைட். பழைய முகத்தில் அதே திட்டு, அதே வெளிக்கோடு, உள்ளே சாம்பல் இரண்டும் நூல்நூலாகப் பின்னியிருக்கின்றன. பழைய மணிகளின் எல்லைக்கோடுகள்கூட அப்படியே தெரிகின்றன, வீட்டுச் சுவர் நிற்க, குடியிருந்தவர் மட்டும் மாறிப்போனது போல. சந்தேகம் எனக்குத் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 21

இந்த ஆரஞ்சை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. கோவெல்லைட் என்ற செம்பு சல்பைடும் குறுக்கு ஒளியில் இதே மாதிரி நெருப்பாக எரியும். ஆனால் அனலைசர் இல்லாமல் பார்த்தால் கோவெல்லைட் ஆழ்ந்த நீலத்துக்கும் வெளிர் நீலத்துக்கும் இடையே ஆடும், உமாங்கைட் சிவப்பு ஊதாவுக்கும் நீலச் சாம்பலுக்கும் இடையே. இரண்டு நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்னைட்டோ பழுப்பு ஆரஞ்சாக, திருப்பினாலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், குறுக்கு ஒளியில் மங்கிக் கிடக்கும். அதை உமாங்கைட்டோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. சரி, இதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் எக்ஸ் கதிர் சோதனை. துளி மணி போதும்.

மே 11

கேள்வி கேட்டவர் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார். கல்லின் ஓரத்தில் நகத்தளவு சில்லு எடுத்து, குளிர்ந்த எபாக்சியில் பதித்துப் பாலிஷ் போட்டிருக்கிறார். மேடையைக் கால் வட்டம் திருப்பி இரண்டு தடவை எடுத்த படம். முதலாவதில் நடுமணி கருஞ்சிவப்பு ஊதா, மேல் ஓரத்து மணி நீலச் சாம்பல். இரண்டாவதில் அப்படியே தலைகீழ். குறுக்கு ஒளிப் படம் எடுக்க அவரிடம் அனலைசர் இல்லை, ஆனால் இந்த இரண்டு படமே எனக்குப் போதும்.

உமாங்கைட்தான். விளிம்பில் வெளிர்ச் சாம்பலாக, திருப்பியும் நிறம் மாறாமல் இருப்பது பெர்சிலியனைட், அது கனசதுரம், ஆகவே மாறாது. உங்கள் நண்பரிடம் இரண்டு படங்களையும் காட்டுங்கள்.

பழைய அட்டையை எடுக்காதீர்கள், அந்த மை எழுத்து அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு சிறு அட்டை வைத்து இதை மட்டும் எழுதுங்கள்: 100 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, சூட்டு அச்சில் மவுண்ட் செய்யக் கூடாது. அடுத்து யார் கைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.